கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை: எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது

"கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது" என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பட்டனை அமுக்கியதும் என்னென்ன நடக்கிறது, எதுவரைக்கும் போய் நிற்கிறது? விளக்கே எரியாவிட்டாலும் "ஆன் ஆகவில்லை" என்றுதான் சொல்கிறோம். விண்டோஸ் சின்னம் வந்து மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தாலும் அதையேதான் சொல்கிறோம். முதலாவதற்கு ஒரு பவர் கேபிள் காரணமாக இருக்கலாம். இரண்டாவதற்கு நேற்று இரவு இறங்கிய அப்டேட் காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் கம்ப்யூட்டரில் ஒருநாள் பூட் டிவைஸ், அதாவது விண்டோஸ் இருக்கும் டிஸ்க், இல்லை என்று செய்தி வந்தது. பார்க்க வந்தவர் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று சொல்லி, ஃபார்மேட் செய்து, அதாவது டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அழித்து, புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டார். அக்காவின் பையனுடைய சின்ன வயதுப் படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. ஒரு வாரத்தில் அதே செய்தி மறுபடியும் வந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். திறந்து பார்த்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் கேபிள் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன்: எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஃபார்மேட் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டர் எதுவரைக்கும் போகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில்.

## பெட்டியில் கை வைக்கும் முன்

தேவைப்படுவது ஒரு நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச், ஒரு வெள்ளை அழிரப்பர், போனில் கேமரா. எந்த வயரைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து பதினைந்து நொடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ராமை (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகப் பட்டை) கெடுக்காமல் இருக்க இது போதும்.

சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் அதனுள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அது கெட்டால் முழுசாக மாற்றுவதுதான் வழி.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. விண்டோஸ் 11 இருக்கும் நிறைய கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) எதையாவது மாற்றினால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் பட்டியலுக்குள் இருக்கும். போனிலிருந்தே பார்க்கலாம். பயாஸைத் தொடும் முன்பே அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

## அறிகுறி 1: பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை

விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை.

### மேசைக் கம்ப்யூட்டர் என்றால்

முதலில் அதே பிளக் பாயின்டில் ஒரு போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகப் போகிறது என்றால் அதை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் சொருகுங்கள். யூபிஎஸ் வழியாகப் போனாலும் அப்படியே. பேட்டரி செத்துப்போன யூபிஎஸ், நல்ல கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் விடாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கேபினெட்டின் பின்பக்கம். எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆஃப். வீடு பெருக்கும்போது கைபட்டு ஆஃப் ஆகியிருக்கும். அடுத்தது பவர் கேபிள். மானிட்டருக்குப் போவதும் கேபினெட்டுக்குப் போவதும் பெரும்பாலும் ஒரே வகைக் கேபிள்தான். மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, மின்சாரம் கொடுத்துவிட்டு, மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகை) எங்காவது சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எல்லா போர்டிலும் இந்த விளக்கு கிடையாது. இருந்து எரிந்தால் எஸ்எம்பிஎஸ் ஓரளவாவது உயிரோடு இருக்கிறது.

விளக்கு எரிகிறது, ஆனால் பட்டனுக்கு அசையவில்லை: பட்டன் அல்லது அதன் வயர் மேல் சந்தேகப்படுங்கள். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் சொருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். எந்த ஊசிகள் என்று போர்டின் கையேட்டில் படம் போட்டிருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிட்டால் கெட்டது பட்டன் மட்டும்தான். புதுப் பட்டன் வரும் வரை, ரீசெட் பட்டனின் வயரை அந்த ஊசிகளில் மாட்டி, ரீசெட்டையே பவர் பட்டனாகப் பயன்படுத்தலாம்.

விளக்கும் இல்லை: 24 ஊசி உள்ள பெரிய கனெக்டரைக் கழற்றி, கிளிப் பிடிக்கும் வரை அழுத்தி மாட்டுங்கள். அப்படியும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்தான் முதல் சந்தேகம். பேப்பர் கிளிப்பை வளைத்துச் சொருகிச் சோதிக்கும் முறை ஒன்றைப் பலர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. சும்மா சுற்றும் எஸ்எம்பிஎஸ், சுமை ஏறியதும் படுத்துவிடும்; சில நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சுமை இல்லாதபோது ஃபேன் சுற்றவே சுற்றாது. வேலை செய்கிறது என்று தெரிந்த இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. அதில் ஒரு எச்சரிக்கை: வயர்கள் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், ஒன்றின் வயரை இன்னொன்றில் மாட்டக்கூடாது. முனை பொருந்தும், உள்ளே வரிசை வேறாக இருக்கும். டிஸ்க் எரிந்துபோகும்.

நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டியும் அசைவில்லை என்றால் மதர்போர்டு. இங்கே நிறுத்திவிட்டு, தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

### லேப்டாப் என்றால்

சார்ஜரைச் சொருகினால் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் வேறொரு சார்ஜர். போன் சார்ஜர் வாயைப் போலவே இருக்கும் டைப்-சி வாய் உள்ள லேப்டாப்பில் போன் சார்ஜரைப் போட்டுவிட்டு ஏறவில்லையே என்று காத்திருப்பார்கள். நிறைய லேப்டாப்கள் 45 அல்லது 65 வாட் கேட்கும். போன் சார்ஜர் பலவற்றுக்கு அவ்வளவு திராணி கிடையாது.

விளக்கு எரிந்தும் ஆன் ஆகவில்லை என்றால் சார்ஜரை உருவிவிட்டு, பேட்டரி கழற்றும் வகையாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி முழுசாக அமுக்கிப் பிடியுங்கள். அப்புறம் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். அசையாமல் கிடந்த லேப்டாப்களில் நிறைய இதிலேயே எழுந்துவிடுகின்றன.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூடி சரியாக மூடவில்லை, அடிப்பக்கம் உப்பியிருக்கிறது என்றால் பேட்டரி வீங்கிவிட்டது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், நீங்களே நெம்பி எடுக்காதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் அது. அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 2: ஆன் ஆகிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது

எத்தனை நொடியில் அணைகிறது என்று எண்ணுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், எண்ணிக்கையிலேயே பாதி விடை இருக்கிறது.

ஏறக்குறைய நாலு நொடி, ஒவ்வொரு முறையும் அதே நாலு நொடி: பவர் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. பட்டனை நாலு நொடி விடாமல் அமுக்கினால் கம்ப்யூட்டரைக் கட்டாயமாக அணைத்துவிடும் ஏற்பாடு மதர்போர்டிலேயே இருக்கிறது. மாட்டிக்கொண்ட பட்டனை அது அமுக்கிப் பிடித்த விரலாகத்தான் எடுத்துக்கொள்ளும். பட்டனின் வயரைக் கழற்றிவிட்டு, மேலே சொன்ன ஸ்க்ரூடிரைவர் முறையில் ஆன் செய்து பாருங்கள். ஓடினால் பட்டனைச் சுத்தம் செய்தாலே போதும்.

ஒரு நொடிகூட நிற்கவில்லை, டக்கென்று அணைகிறது: எங்கோ ஷார்ட். பெட்டிக்குள் கழன்று விழுந்த ஸ்க்ரூ ஏதாவது போர்டுக்கு அடியில் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்க யூஎஸ்பி வாய்க்குள் நாக்கு வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். நின்று ஓடினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் அணைகிறதோ அதுதான் குற்றவாளி. ஒவ்வொரு முறையும் பிளக்கை உருவிவிட்டு மாட்டுங்கள்.

பத்து இருபது நொடி முதல் ஒன்றிரண்டு நிமிடம் வரை ஓடி அணைகிறது: சூடு. பிராசசர் ஃபேன் சுற்றுகிறதா, அதற்கு அடியில் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் ஆடுகிறதா என்று பாருங்கள். நாலு மூலையில் ஒரு கிளிப் கழன்றிருந்தாலும் போதும், பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அணைவதற்குள் பயாஸுக்குள் நுழைய முடிந்தால் (எப்படி என்பது அறிகுறி 5-இல் இருக்கிறது) அங்கேயே வெப்பநிலை காட்டும். 40, 50 டிகிரி என்றால் கவலையில்லை. கண்ணெதிரே 80, 90 என்று ஏறினால் ஹீட்சிங்க்கைக் கழற்றி, இடையில் இருக்கும் பழைய வெப்பப் பேஸ்ட்டைத் துடைத்து, புதிய பேஸ்ட் பட்டாணி அளவு வைத்து மாட்ட வேண்டும். இதைச் செய்து பழக்கமில்லை என்றால் பழகியவரை வைத்துச் செய்யுங்கள். பிராசசரோ சாக்கெட்டோ வளைந்தால் திரும்ப நிமிராது.

போர்டில் நிற்கும் சின்னச் சின்ன உருளைகளான கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் அதற்குச் செலவு செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

## அறிகுறி 3: ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். அதிகம் பயப்பட வைப்பதும் இதுதான். ஆனால் பெரும்பாலும் செலவில்லாமல் தீருவதும் இதுதான், அதனால் நிதானமாகப் போகலாம்.

மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். அதில் "நோ சிக்னல்" என்று வருகிறதா? வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது, அதற்குப் படம் வரவில்லை. எச்டிஎம்ஐ கேபிள் மாட்டியிருக்க, மானிட்டர் வேறொரு வாயைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மானிட்டரின் மெனுவில் உள்ளீட்டை மாற்றிப் பாருங்கள். டிவியில் மாட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா? இருந்தால் கேபிள் அந்தக் கார்டின் வாயில்தான் இருக்க வேண்டும், மேலே மதர்போர்டின் வாயில் இருக்கக்கூடாது. இடம் மாற்றி வைக்கும்போது இந்தத் தவறு சகஜம். கார்டுக்கு மேலிருந்து தனியாக 6 அல்லது 8 ஊசிப் பவர் வயர் போகும் வகை என்றால் அதுவும் அழுந்த மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் வாயில் மாட்டிச் சோதிக்கலாம். ஆனால் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களில் உள்கிராஃபிக்ஸ் கிடையாது. அதில் மதர்போர்டு வாயில் எப்போதுமே படம் வராது, ஏமாந்துவிடாதீர்கள்.

புதிதாக டிடிஆர்5 ராம் போட்டிருந்தாலோ, டிடிஆர்5 ராம் உள்ள போர்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, முதல் முறை சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கலாம். போர்டு அந்த ராமைப் பழக்கப்படுத்திக்கொண்டிருக்கும். பொறுமையாகப் பத்து நிமிடமாவது விடுங்கள்.

### ராமைக் கழற்றி மாட்டுவது

மேலே சொன்னது எதுவும் இல்லை என்றால், ராம். இதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பத்துக் கம்ப்யூட்டருக்கு நாலைந்து இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிளக்கை உருவுங்கள். கேபினெட்டைப் படுக்க வையுங்கள். பிராசசர் ஃபேனுக்குப் பக்கத்தில் நீளமாக நிற்கும் பட்டைகள்தான் ராம். இரண்டு முனையிலும் சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும் இருக்கும். அதை வெளிப்பக்கம் தள்ளினால் பட்டை தானாக மேலே எழும்பும். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது.

அந்தப் பற்களைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று இல்லாமல் மங்கலாக, மெல்லிய புகை படிந்ததுபோல இருந்தால் அதுதான் கோளாறு. அழிரப்பரை எடுத்து, பற்களின் நீளவாக்கில், மேலிருந்து முனை நோக்கி, மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். இருபக்கமும். அழிரப்பரில் சாம்பல் நிறக் கோடு விழும். இந்த வேலையைப் பெட்டிக்கு மேலே வைத்துச் செய்யாதீர்கள், துகள் சாக்கெட்டில் விழுந்தால் இன்னொரு தொல்லை. துணியால் துடைத்துவிட்டு, சாக்கெட்டுக்குள் தூசி இருந்தால் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும்.

மாட்டும்போது பட்டையில் இருக்கும் வெட்டும் சாக்கெட்டில் இருக்கும் மேடும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையையும் அழுத்துங்கள். டக் என்று சத்தம் வந்து தாழ்ப்பாள் தானாக மூட வேண்டும். பலர் பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். பாதி உட்கார்ந்த ராம் இல்லாத ராமுக்குச் சமம்.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள், அப்புறம் மற்றதை. நாலு சாக்கெட் உள்ள போர்டில் ஒற்றை ராமைப் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது சாக்கெட்டில் போட வேண்டும். ஒன்றில் எழுந்து இன்னொன்றில் எழவில்லை என்றால் எந்த ராம் கெட்டது என்று தெரிந்துவிட்டது.

### ராமுக்கும் மசியவில்லை என்றால்

மதர்போர்டில் பத்து ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், பெயர் சிஆர்2032. பவர் இல்லாதபோது அதை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். பயாஸ் பழைய நிலைக்குப் போய்விடும். மீட்புச் சாவியை முதலில் எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து, புதிய போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் நாலு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் நிற்கிறது. பழைய போர்டுகளில் பீப் சத்தம் வரும். லேப்டாப்பில் கேப்ஸ் லாக் விளக்கோ பவர் விளக்கோ இடைவெளி விட்டு மின்னும். எத்தனை முறை என்று எண்ணி, உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள்; ஒரே எண்ணிக்கைக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு அர்த்தம்.

போர்டில் பிராசசருக்கு மேல்பக்கம் 4 அல்லது 8 ஊசிப் பவர் கனெக்டர் ஒன்று தனியாக உண்டு. அது கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், படம் வராது.

லேப்டாப் என்றால் ஒரு சோதனை: இருட்டில், கருப்புத் திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக சின்னமோ எழுத்தோ தெரிந்தால் லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, திரையின் பின்விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. வெளி மானிட்டரில் மாட்டி உங்கள் கோப்புகளை உடனே எடுத்துக்கொள்ளலாம். திரை மாற்றுவது தொழில் தெரிந்தவர் வேலை.

## அறிகுறி 4: கம்பெனி சின்னத்திலேயே நிற்கிறது, அல்லது எஃப்1 அமுக்கச் சொல்கிறது

தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் அந்த வட்டப் பேட்டரி செத்துவிட்டது. புதிதாக 3 வோல்ட் இருக்க வேண்டியது. மாற்றிவிட்டு பயாஸில் தேதியைச் சரிசெய்து சேமித்தால் முடிந்தது.

சின்னத்தில் உறைந்து நின்றால் கீபோர்டு, மவுஸ் தவிர பிரிண்டர், பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் உருவுங்கள். அப்படியும் நின்றால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது சின்னத்தைத் தாண்டினால், டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கலாம். அடுத்த தலைப்பில் டிஸ்க் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

## அறிகுறி 5: "நோ பூட்டபிள் டிவைஸ்", "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்"

விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

பென் டிரைவ், மெமரி கார்டு ஏதாவது சொருகியே இருக்கிறதா? உருவிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்புறம் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே ஆன் செய்து பயாஸுக்குள் போங்கள். அங்கே டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெயர் இருக்கிறது: பூட் வரிசையில் அது முதலில் இருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் ஏற்றிய விண்டோஸ் என்றால் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்று இருப்பதை முதலில் வையுங்கள். வட்டப் பேட்டரி செத்ததால் பயாஸ் தன் பழைய அமைப்புக்குப் போய், யூஇஎஃப்ஐ என்று இருந்தது லெகசி என்ற பழைய முறைக்கு மாறியிருக்கலாம், அல்லது சாட்டா முறை (டிஸ்க்கோடு போர்டு பேசும் விதம்) மாறியிருக்கலாம். முன்பு எப்படி இருந்ததோ அப்படி மாற்றினால் விண்டோஸ் வந்துவிடும். இவ்வளவும் சரியாக இருந்தால், விண்டோஸ் பென் டிரைவ் ஒன்றிலிருந்து பூட் செய்து, விண்டோஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளப் பார்க்கும் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓடவிடுங்கள். அந்தப் பென் டிரைவைக் குறைந்தது 8 ஜிபி உள்ளதாக எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் கருவியால் செய்யலாம்.

பெயர் இல்லை: கேபிள். டிஸ்க்குக்கு இரண்டு வயர் போகும், ஒன்று பவர், ஒன்று டேட்டா. இரண்டையும் இருபுறமும் கழற்றி மாட்டுங்கள். டேட்டா கேபிளை வேறு சாட்டா வாயில் மாட்டிப் பாருங்கள், கேபிளையே மாற்றிப் பாருங்கள். சூயிங்கம் பட்டை போல போர்டிலேயே படுத்திருக்கும் எம்.2 எஸ்எஸ்டி என்றால் அதன் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, வெளியே இழுத்து, திரும்பச் சொருகுங்கள். அக்காவின் படங்கள் போனது இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால்தான்.

டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சீராகச் சத்தம் வருகிறது: உடனே பவரை நிறுத்துங்கள். இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஆன் செய்யாதீர்கள். உள்ளே சுழலும் தட்டின் மேல் படிக்கும் தலை தடுமாறிக்கொண்டிருக்கிறது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டை அது கீறிக்கொண்டிருக்கலாம். ஃப்ரீசரில் வைப்பது, தட்டுவது எதுவும் வேண்டாம். அதில் இருப்பது உங்களுக்கு வேண்டும் என்றால் தரவு மீட்பு மட்டுமே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். செலவு அதிகம்தான். முதல் முறையிலேயே கொடுத்தால்தான் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

எஸ்எஸ்டி இப்படிச் சத்தம் போட்டுச் சாகாது. ஒருநாள் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும்.

## அறிகுறி 6: விண்டோஸ் சின்னம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது நீலத் திரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது

நல்ல செய்தி: இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன.

அப்டேட் ஓடுகிறது என்று திரையில் இருந்தால் ஒரு மணி நேரமாவது விடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் என்றால் இன்னும் கூடுதலாக. இடையில் அணைத்து நீங்களே கோளாறை உண்டாக்கிவிடாதீர்கள்.

நீலத் திரை என்றால் கீழே வரும் ஸ்டாப் கோடை (கோளாறின் பெயர்) படம் எடுங்கள். திரை இப்போது கருப்பாகவும் வரலாம், விஷயம் ஒன்றுதான். "மெமரி மேனேஜ்மென்ட்" என்றால் ராம் மேல் சந்தேகம். "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்றால் டிஸ்க், அல்லது பயாஸில் சாட்டா முறை மாறியிருக்கிறது.

அடுத்து மீட்புத் திரைக்குப் போக வேண்டும். ஆன் செய்து, சின்னம் வந்து சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே மீட்புத் திரைக்கு வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போங்கள். நான் இந்த வரிசையில்தான் போவேன்:

1. ஸ்டார்ட்அப் ரிப்பேர். ஒரு முறை போதும். தோற்றால் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டாம்.
2. அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கோளாறு ஒரு அப்டேட்டுக்கு மறுநாள் தொடங்கியது என்றால் இதையே முதலில் செய்யுங்கள்.
3. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸ் எழும் முறை. ரீஸ்டார்ட் ஆனதும் 4 என்ற எண்ணை அமுக்க வேண்டும்.
4. சிஸ்டம் ரீஸ்டோர், விண்டோஸின் பழைய நிலை ஏதாவது மீட்புப் புள்ளியாகச் சேமித்திருந்தால்.

சேஃப் மோடில் எழுந்துவிட்டால் விண்டோஸ் நன்றாக இருக்கிறது, கூட ஏற்றிய ஏதோ ஒன்றுதான் மறிக்கிறது. கடைசியாக நிறுவிய டிரைவர், ஆன்டிவைரஸ், மென்பொருள் எல்லாவற்றையும் நீக்குங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு பிழையான கோப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் மாட்டிக்கொண்டன. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு பாகம்கூடக் கெடவில்லை. சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை நீக்கியதும் எழுந்துவிட்டன. நீலத் திரை என்றதும் புதுக் கம்ப்யூட்டர் விலை விசாரிப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

### எதற்கும் மசியவில்லை, கோப்புகளை முதலில் எடுக்க வேண்டும்

மீட்புத் திரையில் ரீசெட் (விண்டோஸைப் புதிதாக நிறுவுவது; கேபினெட்டில் இருக்கும் பட்டன் அல்ல) என்பதைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள். அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் ப்ராம்ட் இருக்கும். திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் சாதாரண நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓபன். கீழே கோப்பு வகையை எல்லாக் கோப்புகளும் என்று மாற்றுங்கள். இப்போது உங்கள் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும். டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம். சி-யில் இருந்தது டி-யில் இருக்கும், பயப்பட வேண்டாம். உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் போய், படங்கள் உள்ள ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குப் போய் பேஸ்ட். ஓடுகிறது என்று காட்டும் பட்டை வராது, உறைந்ததுபோலத் தெரியும். அமைதியாக விடுங்கள், முடிந்ததும் நகரும்.

எல்லாம் பத்திரமான பிறகு ரீசெட். "கீப் மை ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகள் இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

## அறிகுறி 7: பாஸ்வேர்டு வரை வருகிறது, அப்புறம் கருப்புத் திரையில் அம்புக்குறி மட்டும்

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கு விசைகளையும் சேர்த்து அமுக்குங்கள். ஒரு பீப் வந்து திரை இமைத்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. அதற்கும் வரவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய டாஸ்க் தொடங்கு என்பதில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால், தானாகத் தொடங்கும் மென்பொருள்களை அங்கேயே ஒவ்வொன்றாக நிறுத்தி, எது காரணம் என்று பிடியுங்கள்.

இந்த வகைக் கோளாறுக்கு ஷட் டவுன் செய்து ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட் நல்லது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கம்ப்யூட்டர் ஷட் டவுனில் முழுசாக அணைவதில்லை; பழைய நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்துவைத்து அதையே திரும்ப எடுத்துவரும். கோளாறும் சேர்ந்தே திரும்ப வரும்.

## வெளியே கொடுக்கும்போது

கருகிய வாசனை, புகை, பெட்டியைத் தொட்டால் ஷாக், தண்ணீர் உள்ளே போனது: இந்த நாலில் எது இருந்தாலும் ஒரு சோதனையும் வேண்டாம். பிளக்கை உருவிவிட்டு நேராகத் தொழில் தெரிந்தவரிடம் போங்கள்.

மற்றபடி எந்தக் கோளாறுக்குக் கொடுத்தாலும், நீங்கள் செய்து பார்த்ததை வரிசையாக எழுதிக் கொடுங்கள்: எந்த நொடியில் நிற்கிறது, எந்த விளக்கு, எந்தச் செய்தி, எந்த ராமில் எழுந்தது. நல்ல மெக்கானிக்குக்கு அந்தத் தாள் பாதி வேலை. கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸிலோ திரையிலோதான் என்று தெரிந்துவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுக்கலாம். கழற்ற முடியாத லேப்டாப் என்றால், நான் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம்" என்று எழுதி, போன் நம்பரும் போட்டு, மூடியின் மேல் டேப் போட்டு ஒட்டித்தான் அனுப்புவேன்.